அது நூரக்காவின் யோசனை

நூர்நிஷா அக்கா இறந்த செய்தியை அவர் மகள் பர்வீன் போனில் சொன்னபோது நான் திருநெல்வேலியில், கல்லூரி ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"உம்மா மவுத்தாயிட்டாங்க செல்வி சித்தி. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பொறவு அடக்கம். வந்திருவீங்கல்லா?"

மணி பதினொன்றுதான். தென்காசிக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. "வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு, மாலை வரை விடைத்தாள்களைத் திருத்தினேன். நூரக்காவை அறிந்த உங்களில் பலர் அன்று அந்த வீட்டில் இருந்தீர்கள். நான் வராததற்குக் காய்ச்சல் என்று பிறகு காரணம் சொன்னேன். காய்ச்சல் எதுவும் இல்லை. அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஏன் என்று இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

நூரக்கா காமிராவைத் தூக்கியது கல்யாண வீடுகளுக்காக. பெண்கள் இருக்கும் பக்கம் ஆண்கள் போய் வீடியோ எடுக்க முடியாது என்பதால், தென்காசியில் ஒரு ஸ்டூடியோக்கார அண்ணாச்சி பெண் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். நூரக்காவோ, கணவர் சவூதியில் தம்மாமிலிருந்து கொண்டுவந்த காமிராவை வீட்டிலேயே போட்டுப் பார்த்துப் பழகியிருந்தார். அதே ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் எடிட்டிங் செய்தவள் நான். குத்துக்கல்வலசையில் வயல் உள்ள குடும்பம், அண்ணன் போலீஸ், நான் எம்.ஏ. ஆங்கிலம். அவர் பத்தாம் வகுப்போடு நின்றவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஒரே மேஜையில் சாப்பிட்டோம்.

கல்யாண வீட்டார் வேண்டாம் என்று சொல்லும் துண்டுகளை நான் அழிக்கப் போனால் அவர் விடமாட்டார். காய்வதற்காக விரித்துப் பிடித்த மருதாணிக் கை, இன்னொருத்தியின் முக்காட்டுக்கு ஊசி குத்தும் கை, அழும் மணப்பெண்ணின் முதுகைத் தடவும் கை என்று எல்லாவற்றையும் தனியாகச் சேர்த்துவைத்தார்.

"மூஞ்சி எல்லாம் காமிராவப் பாத்து நடிக்கும் ஏட்டி. கைக்கு நடிக்கத் தெரியாது" என்பார்.

அந்தக் கைகளை எதன்மேல் காட்டுவது என்று அவருக்குப் பல மாதங்கள் பிடிபடவில்லை. சுவரில் காட்டினார், சினிமா மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார். ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் மொட்டை மாடியில், பொழுது சாயும் நேரம், வெள்ளை மல் துணியைக் கொடியில் தொங்கவிட்டுப் புரொஜக்டரில் மருதாணிக் கையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலைப்பக்கமிருந்து சாரல் அடித்தது. நான் பதறிப்போய்க் குடையை விரித்துக்கொண்டு புரொஜக்டரை அணைக்க ஓடினேன்.

"ஏட்டி செல்வி, அணைச்சிராத! கொடைய அதுக்குப் பிடி. அங்கன பாரு, துணி இப்பதான் கண்ணத் தொறக்குது!"

நனைந்த துணி வெளிச்சத்தை உள்ளே விட்டது. அதற்குப் பின்னால் தொங்கிய இரண்டாவது துணியிலும் அந்தக் கை தெரிந்தது. அவர் நனைந்தபடி இரண்டுக்கும் நடுவே போய் நின்றார். கை அவர் முகத்தின்மேல் விழுந்தது. சிறுபிள்ளைபோலச் சிரித்தார்.

அதன்பின் நான்கு துணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, செடிக்கு மருந்தடிக்கும் பம்பால் தண்ணீர் தெளித்துப் படம் காட்டும் முறையை அவரே உருவாக்கினார். ஈரமாக இருக்கும்போது கைகள் நான்காவது துணிவரை போகும். காயக் காய ஒவ்வொரு துணியாகப் பின்வாங்கி முதல் துணிக்கு வந்துவிடும். எந்தத் துணி எவ்வளவு நேரத்தில் காயும் என்று நோட்டுப் போட்டு எழுதிவைத்து, அதற்கேற்ப என்னை எடிட் செய்யச் சொன்னார். நான் செய்தது அவ்வளவுதான்.

படத்தில் வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் போய்ப் போட்டுக்காட்டி, சம்மதம் கேட்டார். வாசுதேவநல்லூரில் ஒருத்தி, தன் மணிக்கட்டில் தீப்பட்ட தழும்பு தெரிகிறது, எடுத்துவிடுங்கள் என்றாள். எங்களிடம் இருந்ததிலேயே அழகான காட்சி அது. "யாருக்குக்கா தெரியப்போவுது, இருக்கட்டுமே" என்றேன். தென்காசியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவர், "காமிரா என்னுது. கை அவளுது. அவ வேண்டாம்னா வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அந்தக் காட்சியை எடுத்துவிட்டோம்.

பிறகு சென்னையில் ஒரு கலைக்கூடம் எங்களைக் கூப்பிட்டது. கூட்டம் நன்றாக வந்தது. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, பேசியது நான். கடைசியில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து, நனைந்த துணியில் படம் காட்டலாம் என்பது யாருக்குத் தோன்றியது என்று கேட்டார். நூரக்கா மூன்றாவது வரிசையில், கேள்வி புரியாமல், என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றாலத்தில் ஒரு சாரல் நாளில் எனக்குத் தோன்றியது என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

மறுநாள் காலை ரயில் ராஜபாளையத்தைத் தாண்டியபோது கேட்டார். "அந்தக் கண்ணாடிக்காரரு என்னட்டி கேட்டாரு? ஒரே கைதட்டலா இருந்துச்சே."

"துணி எங்க வாங்கினதுன்னு கேட்டாருக்கா."

"நீ என்ன சொன்ன?"

"தென்காசின்னேன்."

"அதுக்கா தட்டினாங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓர் ஆங்கிலப் பத்திரிகை என் புகைப்படத்தைப் போட்டு எழுதியது. அவரைத் தொழில்நுட்ப உதவியாளர் என்று கடைசிப் பத்தியில் குறிப்பிட்டது. எனக்கு வந்த பிரதியை நான் அவரிடம் காட்டவில்லை. அந்தக் கட்டுரையை இணைத்துத்தான் திருநெல்வேலிக் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையில் வேலைக்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது. அடுத்தடுத்த அழைப்புகள் எனக்கே வந்தன. நூரக்கா கல்யாண வீடியோவுக்கே திரும்பினார். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. வளைகுடாவிலிருந்து ஆண்கள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களைச் சம்மதத்தோடு வாங்கி, தலையணைக்குள் சின்ன ஸ்பீக்கர் வைத்துத் தைத்தார். கல்யாண மண்டபம் ஒன்றில் அவர் தெருவில் வசிக்கும் பெண்கள் வரிசையாகப் படுத்து, காது வைத்துக் கேட்டார்கள். சென்னையிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தெரியாதபடி செய்தவள் நான்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். பர்வீன் டீ கொடுத்தாள். பிறகு அலமாரியிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஸ்டூடியோ அண்ணாச்சி கொண்டாந்து குடுத்தாரு. நான் அப்ப எட்டாப்பு. உம்மாவுக்கு வரி வரியாப் படிச்சு அர்த்தம் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?" என்று கேட்பதற்குள் டீ ஆறிவிட்டது.

"அவங்க கோவப்படல. நான்தான் கோவப்பட்டு ஒங்களுக்குப் போன் போடப் போனேன். பிடுங்கி வச்சிட்டாங்க. 'விடு பிள்ள, அவளே வந்து சொல்லுவா'ன்னாங்க."

பர்வீன் குரலை உயர்த்தவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கலைக்கூடத்துக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். பெயரை மாற்றுவதாகப் பதில் வந்திருக்கிறது. பத்திரிகை இப்போது நின்றுபோய்விட்டது. வகுப்பில் மாணவர்களிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். இதில் எதுவும் நூரக்காவின் காதுக்குப் போகாது என்பது தெரிந்துதான் செய்கிறேன்.

அந்தக் கட்டுரை வந்த பிறகான இந்தப் பதினாறு வருடத்தில் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். என் கல்யாணப் பத்திரிகை வைக்க ஒரு முறை. பெருநாளுக்கு ஒரு முறை. அவருக்கு உடம்பு முடியாமல் போனபிறகு கடைசியாக. மூன்று முறையும், நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவுடன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னும் கொஞ்ச நேரம் இரியேன்" என்றார். உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். அவரிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது அந்தப் பிடிதான்.