கடைக்கு மேலே ஒரு பலகைத் தரை

கல்யாணமாகி நான் செஞ்சிக்கு வந்தபோது, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்று அந்த வீட்டில் ஓர் அறை கிடையாது. கடைவீதியைப் பார்த்து மளிகைக் கடை, அதன் பின்னால் வீடு, கடைக்கு மேலே ஒரு மச்சு. மச்சில் புளியும் மிளகாயும் குடியிருந்தன. அவற்றைக் கொல்லைக் கொட்டகைக்குக் கிளப்பிவிட்டு, செல்லரித்த பழைய பலகைகளைப் பிடுங்கிப் புதுத்தரை போட்டு, மச்சை எங்களுக்குக் கொடுப்பது என்று முடிவானது. அறுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம் அது.

எனக்கு அந்த அறை வேண்டும்தான். ஆனால் அதைவிட வேறொன்று வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே விழுப்புரத்தில் எனக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் இடம் கிடைத்திருந்தது. பெண் பார்க்க வந்தபோது அப்பா இதைச் சொன்னார். "அதுக்கென்னா, பாக்கலாம்" என்றார்கள். கோடை விடுமுறை முடிவதற்குள் போய்ச் சேரவேண்டும். தினமும் என் வீட்டுக்காரரிடம் நினைவுபடுத்துவேன். "நைனா கிட்ட நேரம் பாத்துப் பேசறேன்" என்பார். அந்த நேரம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருந்ததோ தெரியாது.

நானே கேட்டிருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பெண்கள் சொல்வார்கள். அந்த வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசும் வழக்கம் இல்லை. அவரும் என்னிடம் பேசமாட்டார். இரண்டு எட்டு தள்ளி நான் நின்றாலும், சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு சாப்டுச்சா?" என்று மாமியாரைக் கேட்பார். மாமியார் என்னைக் கேட்பார். நான் தலையாட்டுவேன். மாமியார் அதை வார்த்தையாக்கி அவரிடம் சேர்ப்பார்.

தரை விவகாரமும் இப்படித்தான் நடந்தது. பிறந்த வீட்டில், திண்டிவனத்தில், சிவப்பு சிமெண்டுத் தரை. தரை என்பது காலுக்குக் கீழே இருப்பது, துடைத்தால் பளபளப்பது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கேயோ ஆளுக்கொரு பேச்சு. கடப்பாக் கல் போட்டால் பழைய சுவர் தாங்காது என்றார் கொத்தனார். சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க யார் அலைவது என்றார் மாமனார். சரி, மரம்தான். எந்த மரம்?

நிலத்தில் ஒரு வேம்பு நிற்கிறது, அதை அறுத்துவிடலாம் என்றார் மாமனார்.

"வேப்பமரம் ஆத்தா இல்லியா? அது மேல கால வெச்சி நடக்கறதா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் மாமியார்.

புளிய மரத்தில் பேய் இருக்கும், புதுப் பொண்ணுக்கு ஆகாது. பனை காலில் சிலாம்பு ஏற்றும். மா சீக்கிரம் உளுத்துப்போகும். தேக்கு என்று யாரோ சொன்னதும் மாமனாருக்கு இருமல் வந்துவிட்டது. நான் ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்துக் குழம்பினேன். கடைசியில் மாமியார் என் பக்கம் திரும்பி, "உனக்கு எது புடிக்குது, சொல்லு" என்றார். எனக்கு வேம்புக்கும் வேங்கைக்கும் வித்தியாசம் தெரியாது. "வழவழன்னு இருந்தா போதும் அத்தை" என்றேன். "வழவழன்னு வோணுமாம்" என்று அது மாமனாருக்குப் போய்ச் சேர்ந்தது. விழுப்புரம் மரவாடியிலிருந்து கோங்குப் பலகை வந்தது.

அவலூர்பேட்டையிலிருந்து ஓர் ஆசாரி வந்தார். கடைவீதியில் பாதி மச்சுகள் அவர் போட்டவை. நன்றாக இழைத்தார்; பலகையைத் தடவினால் கை வழுக்கியது. வேலை முடிந்தது என்று மாமியார் என்னை ஏணிப்படியில் ஏற்றிக் காட்டினார். எனக்குத் தலை சுற்றியது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து. சந்து வழியாகக் கீழே கடை தெரிந்தது. தராசும், துவரம்பருப்பு மூட்டையும், அதற்குப் பக்கத்தில் என் மாமனாரின் வழுக்கைத் தலையும்.

"இன்னாங்க இது, ஓட்டையா இருக்குது?" என்றேன் ஆசாரியிடம்.

"காத்து போவணும்மா. நெருக்கிப் போட்டா மூட்டை பூசணம் பூத்துப்பூடும்."

"இங்க மூட்டை இல்லிங்க. நான்தான் இருக்கப் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யார் இருந்தா இன்னாம்மா, மச்சுன்னா இப்பிடித்தான் போடறது" என்றார். மாமியாரும் அதை ஆமோதித்தார். அந்தக் குடும்பத்துக்கு மேல்தளம் என்றால் சரக்கு வைக்கும் இடம். அதில் ஆள் இருப்பது அவர்கள் பரம்பரையிலேயே முதல் தடவை. மனுஷிக்குப் போடும் தரையும் மிளகாய்க்குப் போடும் தரையும் ஒன்றல்ல என்று அங்கே எனக்கு மட்டும்தான் தோன்றியது. இத்தனை பேர் சரி என்கிறார்களே, நமக்குத்தான் புத்தி கோணலோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

குடியேறினோம். கொண்டை ஊசி விழுந்தால் பருப்பு மூட்டைக்குள் தேடவேண்டும். மேலே பெருக்கினால் கீழே கற்கண்டில் புழுதி விழும். அதனால் கடை திறந்திருக்கும் நேரத்தில் துடைப்பத்தைத் தொடக்கூடாது. கீழே மிளகாய் மூட்டையைக் கொட்டினால் மேலே எனக்குத் தும்மல். ஒற்றைத் தும்மல் போட்டேன் என்றால், பொட்டலத்தோடு கிளம்பின ஆள் சகுனம் சரியில்லை என்று திரும்ப உட்கார்ந்துகொள்வார். "இன்னொண்ணு தும்மும்மா, ஊருக்குப் போவணும்" என்று ஒரு பெரியவர் அண்ணாந்து என்னைக் கெஞ்சியிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் நல்லவர். விடிந்ததும் கடைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் மேலே வருவார். வந்ததும் குனிந்து, பழைய கோணித் துணியைக் கிழித்து, நான் உட்காரும் இடத்தில் உள்ள சந்துகளை ஒவ்வொன்றாக அடைப்பார். "ஊசி வியாது இனிமே" என்பார். எனக்கு மனசு இளகிப்போகும். இவர் பேசினால் நைனா கேட்பார் என்று நம்பினேன்.

ட்ரெயினிங் ஸ்கூல் திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, கோட்டை மலைப் பக்கமிருந்து வந்த அனலில் வெறும் பலகையில் படுத்திருந்தேன். கீழே மாமனாரின் குரல் கேட்டது.

"ஏண்டா, அந்தப் பொண்ணு ட்ரெயினிங் போவணும்னு அவங்கப்பா சொன்னாரே, இன்னா ஆச்சு? பேச்சையே காணோம். அனுப்பறதுன்னா அனுப்பு. எனக்கு ஒண்ணும் இல்ல."

எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. அடுத்து என் வீட்டுக்காரரின் குரல்.

"அவளுக்கே இஷ்டம் இல்ல நைனா. போவலன்னுட்டா."

யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. நான் எப்போது சொன்னேன்? தூக்கத்தில் ஏதாவது உளறினேனா? சத்தியமாக அப்படியும் யோசித்தேன். சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவர் வெல்லத்தை நிறுத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் ஆத்திரம் வந்தது. வாயைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"நான் அப்பிடிச் சொல்லவே இல்ல மாமா."

வெல்லம் வாங்க வந்தவர் வாயைத் திறந்தபடி அண்ணாந்தார். மாமனாரும் அண்ணாந்தார். சுவரைப் பார்க்கவில்லை, நேராக என்னையே பார்த்தார்.

"சரியா காதுல வியல. இன்னொரு தபா சொல்லும்மா."

கேட்டிருந்தது அவருக்கு. நான் இன்னொரு தடவை சொன்னேன், தெருவுக்கே கேட்கும்படி. நான் போகவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மகனிடம் திரும்பினார். "நாளைக்கே இட்டும்போயி சேத்துட்டு வா" என்றார்.

அன்று என் வீட்டுக்காரர் வழக்கமான நேரத்தில்தான் மச்சுக்கு ஏறி வந்தார். ஏன் அப்படிப் பொய் சொன்னார் என்று விளக்குவார், இல்லை கோபித்துக்கொள்வார் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ தும்மறது கீழ கேக்கும், அது தெரியும்" என்றார். "நாங்க பேசறதும் மேல கேக்குதா?"

அவர் பொய் சொன்னதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இந்தக் கேள்விதான் வலித்தது. மேலே இருக்கும் எனக்கும் காது உண்டு என்று இத்தனை நாளில் அவருக்குத் தோன்றவே இல்லை. விழுப்புரத்துக்குக் கொண்டுபோக வேண்டிய புடவைகளை எடுத்து, அவர் முன்னாலேயே மடித்து வைக்கத் தொடங்கினேன்.