கவருக்குள் தெரிந்த ஏரி

எங்கள் சமையலறை ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்குகிறது, கழுத்தில் ரப்பர் பேண்டோடு. பழவேற்காட்டில் தண்ணீரில் இறங்குகிறவர்கள் கைபேசியை இப்படித்தான் கட்டி எடுத்துப் போவார்கள். இது என் நாத்தனாருடையது, அதாவது கணவரின் அக்காவுடையது. போன ஆடியில் மூன்றே நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். கவரைத் தூக்கியெறிய எனக்குக் கை வரவில்லை. அதற்குள் இருந்ததை அழிக்க மட்டும் வந்தது.

நாத்தனார் ஏரியில் கையால் இறால் தடவும் பெண்களில் ஒருவர். கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பல்லில் கவ்வியிருக்கும் ஓலைக் கூடையில் போட வேண்டும். வாயில் கூடை இருப்பதால் பாட முடியாது. மூக்கால் முனகுவார். எந்தப் பாட்டும் இல்லை அது. அன்றைய காற்று எப்படியோ அப்படி ஒரு ராகம். வீட்டுக்கு வந்ததும் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, சொட்டும் விரலால் எதையாவது வரைவார். ஒரு நாள் நாரையின் கால், ஒரு நாள் படகின் வளைவு. டீ குடித்து முடிப்பதற்குள் அது காய்ந்து மறைந்துவிடும். என் மகள் சின்னவளாக இருந்தபோது, தண்ணீரில் நகர்வதைப் போலவே வாசலில் குந்தி நகர்ந்து காட்டுவார். அவளும் பின்னாலேயே நகர்வாள். இரண்டு பேரும் சிரித்துச் சாய்வார்கள்.

என் பழைய கைபேசியை அவருக்குக் கொடுத்த பிறகு, வீடியோ எடுப்பதும் இதோடு சேர்ந்துகொண்டது. தினமும் ஒரு நிமிடம், அதற்கு மேல் இல்லை. “இன்னாத்துக்கு அக்கா தெனம் அதே தண்ணிய எடுக்கறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “நேத்து பாத்த தண்ணியா மே இன்னிக்கி கீது? நீ ஆபீஸ்ல தெனம் அதே ஃபேனப் பாத்துக்கினு கீற, அதான் உனக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியுது” என்றார். நான் காட்டூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் போன பிறகு கைபேசி என்னிடமே திரும்பி வந்தது. இடம் ஒழிக்கலாம் என்று திறந்தால், நூற்றுக்கணக்கான படங்கள். எல்லாம் மங்கல். ஈரக் கையோடு கவரைப் பிரிக்க முடியாமல், கவரோடு சேர்த்தே எடுத்திருக்கிறார். பழுப்பும் வெளிச்சமும் தவிர எதுவும் தெரியவில்லை. கெட்டுப்போனவை என்று மொத்தமாக அழித்தேன். ஒலியைக் கூட்டி ஒன்றையாவது கேட்டிருக்கலாம். அந்த முனகல் அதில் இருந்திருக்கும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மதியம் சென்னையில் மகளின் விடுதியிலிருந்து அழைத்தார்கள். பத்து நாளாக வகுப்புக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, கதவைத் திறப்பதில்லை என்றார்கள். கணவர் வளைகுடாவில் வேலையில் இருந்தார். நான் தனியாகப் போய் அழைத்து வந்தேன். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, பொறுமையாக இருக்கச் சொன்னார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் தட்டை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

ஒரு காலையில் அவளாகவே பேசினாள்.

“அத்த எடுத்த வீடியோல்லாம் எங்கம்மா?”

பொய் சொல்ல முடியவில்லை. “அழிச்சிட்டேன்மா. எல்லாமே மங்கலா இருந்துச்சு.”

“மங்கலா இருந்தா அழிச்சிடுவியா?”

குரலை உயர்த்தவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுவதும் அலுவலகத்தில் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டது வீடியோவைப் பற்றி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அந்தப் பழைய கைபேசியை அதே கவரில் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். இறால் தடவும் பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். “ஆபீஸ் அம்மா சேத்துல எறங்கிட்டாங்கோ! பொடவையத் தூக்கிக் கட்டு மே, எறாலு உள்ள பூந்துக்கப் போவுது!” வெட்கத்தை மறைக்க மூக்கால் முனகினேன். கவரைப் பிரிக்காமல் ஒரு நிமிடம் எடுத்து, மகளின் தலையணை அருகில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பிறகு தினமும் அப்படியே. அவள் பார்த்தாளா என்று கேட்கவில்லை. ஆனால் பேருந்தில் போகும்போதுகூட, நாளைக்கு எதை எடுப்பது என்று என் கண் தேடத் தொடங்கியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பினால், படுக்கை காலி. ஆணியில் கவர் இல்லை. வாசலில் அவள் செருப்பும் இல்லை. பையை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. ஏரிக்கு ஓடினேன். ஓடும்போது மனம் என்னவெல்லாம் நினைத்தது என்பதை எழுத எனக்குத் துணிவில்லை.

அவள் மார்பளவு தண்ணீரில் குந்தி நகர்ந்துகொண்டிருந்தாள், வாசலில் அத்தையின் பின்னால் நகர்ந்தாளே, அதே போல. கையில் கவர். நான் தண்ணீரில் கால் வைத்ததும் கத்தினாள்: “அம்மா, அங்கயே நில்லு! உன் நெழலு வுழுது!”

நின்றேன். அவள் எடுக்கும் படத்தில் நான் இல்லை, இருக்கவும் கூடாது. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

இப்போது கவர் மறுபடியும் ஆணியில் தொங்குகிறது. அன்று அது ஈரமாகச் சொட்டியது. துடைக்கத் துணி எடுத்து வந்தால், சொட்டிய தண்ணீரைச் சிமெண்ட் தரையில் மகள் விரலால் இழுத்து ஏதோ வரைந்திருந்தாள். நாரையா, கரையில் நிற்கும் ஒருத்தியா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் காய்ந்துவிட்டது.