மகன் பேசாத இடம்

“...துள்ளித்தான் விழுந்தது மோனை. ஒருக்காத் துள்ளி, பிறகு கதிரைக் காலோடை போய் அடிபட்டு நிண்டது. விழுந்த பிள்ளை அழுதால் பயமில்லை எண்டு சொல்லுறவை. இது அழுமோ அழாதோ எண்டு நீதான் பாத்துச் சொல்ல வேணும்.”

மாமி சீலைத் தலைப்பை விரித்துக் கசெற்றை என் முன்னால் வைத்தார். மாமி என்றால் உறவில்லை, பக்கத்து வளவு. அலுமாரியைத் துடைக்கப் போய்க் கை நழுவிவிட்டதாம். நான் முன்பு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையொன்றில் நின்றவன். சண்டையில் ஊருக்குக் கரண்ட் நின்றதோடு கடையும் நின்றது. கசெற் சிக்கினால் மட்டும் ஊருக்கு என் ஞாபகம் வரும்.

இது பாட்டுக் கசெற் இல்லை. மாமியின் ஒரே மகன் ஜேர்மனியிலிருந்து தன் குரலைப் பதிந்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டது. அது வந்த அடுத்த மாரியில், அங்கே பனி றோட்டில் கார் சறுக்கி அவன் போய்விட்டான். உடல் வரவில்லை. படத்துக்கு மாலை போட்டுத்தான் செத்த வீடு நடந்தது. அவனுடைய குரல் என்று மாமியிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். இன்னொன்றில் பிரதி எடுத்து வைக்கலாமென்றால், அந்த மெஷினுக்குக் கரண்டுக்கு எங்கே போவது?

காதோடு வைத்துக் குலுக்கினேன். உள்ளே என்னவோ உருண்டது.

“கிலுகிலுப்பை மாதிரிக் கேக்குது. முந்தி இப்பிடியில்லை மோனை.”

“பொறுங்கோ மாமி, வயித்தைத் திறந்து பாப்பம்.”

“நீ கதைக்கிற கதைக்கு என்ரை வயிறெல்லோ பத்தி எரியுது!”

கூட்டின் மூலை உடைந்து, துண்டு உள்ளே கிடந்தது. அது நசித்ததில் நாடா ஒரு சாண் நீளத்துக்கு மடிந்து கசங்கியிருந்தது. தடவி நேராக்கி, என்னுடைய பழைய கசெற் கூடொன்றுக்கு மாற்றினேன்.

சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோ வயரை ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றினேன். பற்றரி கிடைக்காத அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் பாட்டும் செய்தியும் அப்படித்தான் வந்தன. சுற்றுகிறவன் களைத்தால் பாடுகிறவனும் களைப்பான்.

“அம்மா, சுகமாய் இருக்கிறியளோ?”

அவன்தான். “ஓம் ராசா” என்றார் மாமி.

“மழை பெய்யுதோ?” கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான், ரெலிபோனில் எதிர்ப்பக்கம் பேச இடம் விடுகிறவன்போல.

“இந்தமுறை காணாது ராசா.” மாமி சொல்லி முடிக்கவும் அவன் அடுத்ததைக் கேட்கவும் சரியாக இருந்தது. எத்தனை தரம் கதைத்துப் பழகிய அளவு அது!

“சாப்பிட்டியளோ அம்மா?” அதற்குப் பிறகு கரகரவென்று இரைச்சல். கசங்கல் அங்கேதான். நாடா உருளையில் சுற்றிக்கொள்ளப் பார்த்தது. பெடலை விட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்தேன்.

“இப்பிடியே விட்டால், மாமி, ஒருநாளைக்கு மெஷின் இழுத்து எல்லாத்தையும் அறுத்துப்போடும். அந்தத் துண்டை மட்டும் வெட்டிப்போட்டு ஒட்டிவிடுறன். பயப்பிடாதேங்கோ, அதிலை அவன்ரை குரல் இல்லை. வெறும் இடந்தான்.”

கத்தரிக்கோலை எடுத்தேன். மாமி கசெற்றின்மேல் கையை வைத்தார்.

“ஆர் சொன்னது வெறும் இடமெண்டு? அதிலை நானெல்லோ கதைக்கிறன்.”

“அறுந்தால் அவன்ரை குரலும் போயிடுமே மாமி.”

“அவன் சாப்பிட்டியளோ எண்டு கேட்டுப்போட்டு, நான் மறுமொழி சொல்ல முதல் வேறை கதைக்குப் போறதோ? நான் அவனை அப்பிடி வளக்கேல்லை மோனை.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

மாமி கசெற்றை மடியில் வைத்து, என் சட்டைப் பையிலிருந்த பேனையை உருவி, கசெற்றின் பல்லுச் சில்லுக்குள் சொருகி, அந்த இடத்துக்கு மெல்ல மெல்லத் திருப்பிச் சுற்றத் தொடங்கினார்.