அலைவரிசையில் அம்மா

என் மனைவிக்குத் தணிந்து பேச வராது. தெருமுனையில் அவள் காய் வாங்கினால் என் தையல் கடைக்கு விலை கேட்கும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. நடுக்கடலுக்கு மேல் பறக்கும் விமானங்களோடு பேசுகிற வானொலி நிலையத்தில் வேலை. கரையை விட்டு வெகுதூரம் போன விமானம் ராடார் கண்ணுக்குத் தப்பிவிடும், சாதாரண வானொலியும் எட்டாது. உயர் அலைவரிசை மட்டும்தான் வானத்தில் முட்டித் திரும்பி அத்தனை தூரம் போகும். போகிற வழியில் இருக்கிற இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டும் வரும். அந்தச் சந்தைக்கடைச் சத்தத்தில் ஒரு மனிதக் குரலைப் பிடித்து, அவன் எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறான் என்று கேட்டு, அதையே அவனிடம் ஒப்பிக்க வேண்டும். அதனால் குளியலறைக் குழாயை மூடச் சொல்வதுகூட அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையாக, இடைவெளி விட்டுத்தான் வரும்.

எங்கள் மகள் நேர்மாறு. வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளுவாள். மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொல்லு என்று அம்மாக்காரி சொல்லாத நாளில்லை. இவளும் தலையை ஆட்டிவிட்டு அதே வேகத்தில் தொடராத நாளில்லை.

அவள் துணை விமானியானாள். முதல் கடல் பயணம் வந்தது. வானொலியில் பேசுவது அவள் பொறுப்பு. அந்த நேரத்தில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கப் போவது அவள் அம்மா. கிளம்புவதற்கு முன் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, கடல்மேல போற அத்தனை விமானமும் நாம பேசறதைக் கேட்டுக்கிட்டிருக்கும். கேப்டன் பக்கத்துலயே இருப்பாரு. கண்ணு, செல்லம்னு ஒரு வார்த்தை வந்துச்சு, என் மானம் போயிடும்."

"நான் ஏன்டி சொல்லப்போறேன்? எனக்கு நீயும் ஒண்ணுதான், சரக்கு விமானமும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டாளே தவிர, பாத்திரம் துலக்கிக்கொண்டே அந்த விமானத்தின் எண்ணை உணர்ச்சியில்லாமல் சொல்லிச் சொல்லிப் பழகினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

கடையில் ஒரு பழைய சிற்றலை வானொலி வைத்திருக்கிறேன், நிலையத்தின் அலைவரிசையும் அதில் எடுக்கும். வீட்டில் கேட்பது போதாதென்று அதிலும் அவள் குரலைக் கேட்பவன் நான். அன்று தையல் ஓடவே இல்லை. கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவரை வாயில் விரல் வைத்து உட்கார வைத்தேன்.

மகள் குரல் வந்தது. இடம், நேரம், உயரம், அடுத்து எங்கே என்பதெல்லாம் ஒரே மூச்சில். பாதியை இரைச்சல் தின்றுவிட்டது. மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொல்லவும் என்றாள் என் மனைவி. தொழில் ஆங்கிலத்தில்தான் சொன்னாள், மரியாதை குறையாமல்தான் சொன்னாள். ஆனால் குரல் அச்சு அசலாக வீட்டுக் குரல்.

அந்தப் பக்கமிருந்து நல்ல தமிழில் பதில் வந்தது.

"சரிம்மா."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். என் மனைவி அசரவில்லை. மகள் திக்கித் திக்கி மறுபடி சொன்னதை வாங்கி, ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்து, எல்லோருக்கும் சொல்கிற வணக்கத்தையே சொல்லி முடித்தாள். அடுத்து வந்தது ஏதோ ஒரு தேசத்துச் சரக்கு விமானம். அதன் விமானி தன் விவரமெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், மகள் சொன்னதைத் தன் வாய்க்கு வந்தபடி, "சாரிம்மா" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவரும் விடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக என் மனைவி என்னைச் சாட்சிக்கு இழுத்தாள். தான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை என்று நான்தான் மகளிடம் சொல்ல வேண்டுமாம். ஆனாலும் முகம் வாடியிருந்தது. பிள்ளையை ஊரே கேலி பண்ணிவிட்டதே என்ற கவலை. தரையிறங்கியதும் மகள் கூப்பிட்டுச் சண்டை போடுவாள் என்று இருவரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூப்பிட்டாள். சண்டை போடவில்லை. பிறந்ததிலிருந்து முதல் முறையாக நிதானமாகப் பேசினாள்.

"கூப்பிடறப்ப எனக்கு ஒண்ணுமே ஓடலம்மா. எழுதி வச்சதுகூட கண்ணுல படல. உன் குரலைக் கேட்டப்புறம்தான் உயிரே வந்துச்சு."

துளி இரைச்சல் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. என் மனைவி தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரியாக் கேக்கலடி. திருப்பிச் சொல்லு."