ஒரு ‘க்’கை மட்டும் பார்த்தேன்

2025 ஜூலை 14, திங்கட்கிழமை. வழக்கம்போல் ஐந்து பத்துக்கு எழுந்தேன். மயிலாப்பூர் குளத்தை இரண்டு சுற்று நடந்து, பால் பாக்கெட்டோடு வீடு திரும்பினேன். தம்பி விழிப்பதற்குள் அவனுடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து, டைரியில் ‘வாசனை இல்லை’ என்று குறித்தேன். பதினான்கு மாதங்களாக என் காலைகள் இப்படித்தான் தொடங்கின.

தம்பிக்கு நாற்பத்து நான்கு வயது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. குடிப்பழக்கம். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் சட்டைப்பையைத் துழாவுவேன். குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவருகே போய் நிற்பேன். அவன் சிரித்தாலும் சந்தேகம், பேசாமல் இருந்தாலும் சந்தேகம்.

சட்டப் புத்தகங்கள் வெளியிடும் ஒரு சிறிய பதிப்பகத்தில் நான் பிழை திருத்துகிறேன். அன்று என் மேஜைக்கு வந்தது மது, போதை சிகிச்சை பற்றிய மாநில விதிகளின் புதிய பதிப்பு. பழைய பதிப்பின் பின்னிணைப்பில் ‘உறவினராகிய நான் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு மாதிரிப் படிவம் இருந்தது. சிகிச்சைக்கு வருபவரிடமே விளக்கிச் சொல்லி, அவருடைய சம்மதத்தை வாங்க வேண்டும்; அது முடியாத நிலையில் இருந்தால் மருத்துவர் பரிசோதித்த பிறகே சேர்க்க வேண்டும் என்பது புதிய வாசகம். பழைய படிவத்தைச் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்து, ஓரத்தில் ‘இதை எடுத்துவிடு’ என்பதற்கான நீக்கல் சுழி போட்டேன். நல்ல விதி என்றுகூட நினைத்தேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு, நான் முந்தின நாள் போனில் கூப்பிட்டிருந்த ஆள் வீட்டுக்கு வந்தார். புறநகரில் ஏதோ ஒரு மறுவாழ்வு இல்லத்துக்காரர். தெருமுனையில் வேன், அதில் தடியாக இரண்டு பேர்.

“தம்பியாண்ட ஒண்ணியும் கேக்காத சார். கேட்டா உஷாராயிடுவான். நீ ஒரு கையெழுத்து போடு, மத்தத நாங்க பாத்துக்கறோம்” என்றார்.

எனக்கு அவர் மேல் சந்தேகம்தான். அவர் காட்டிய லெட்டர்ஹெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பதிவு எண் கேட்டேன், ஏதோ ஒரு எண் சொன்னார். ஆனால் தம்பி மேல் இருந்த சந்தேகம் இதைவிடப் பெரிது. அவர் நீட்டிய படிவத்தை வாங்கினேன். ‘மதுவிற்க்கு அடிமையான’ என்று அச்சாகியிருந்தது. ‘ற்’ வந்தால் பக்கத்தில் ‘க்’ வராது. அதை அடித்துத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

“வாத்தியாரா சார் நீ?” என்று சிரித்தபடி படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆறு நாற்பதுக்குத் தம்பி வந்தான். வாசனை இருந்தது. அவரைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“இன்னா நைனா பயப்படற? உங்க அண்ணனே கையெழுத்து போட்டு குட்த்துகிறாரு பாரு” என்று அவர் படிவத்தை விரித்துக் காட்டினார்.

தம்பி கம்பியை விடாமலே படித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“எழுத்துப் பிழைய மட்டும் கரெக்டா புட்ச்சிட்டண்ணா. என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

அப்போதுதான் அந்தப் படிவத்தை முழுதாகப் படித்தேன். ‘உறவினராகிய நான் சம்மதிக்கிறேன்.’ காலையில் நான் நீக்கிய அதே வரி. தம்பி கையெழுத்துப் போட அதில் இடமே இல்லை.

“எந்த டாக்டர் பாத்துட்டு சேப்பீங்க?” என்று கேட்டேன்.

“டாக்டரா? வாரத்துக்கு ஒருதபா வருவாரு சார். அதுக்குள்ள நாங்களே தெளிய வெச்சிருவோம்.”

எப்படித் தெளிய வைப்பார்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் செல்போனை எடுத்து வேனைக் கூப்பிடத் தொடங்கினார். படிவம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“இன்னொரு எழுத்துப் பிழை இருக்கு. குடுங்க” என்றேன்.

அலுத்துக்கொண்டே நீட்டினார். மூலைக்கு மூலை சிவப்புக் கோடு இழுத்தேன். என் கையெழுத்தின் மேலும் இழுத்தேன். ஓரத்தில் பெரிதாக நீக்கல் சுழி.

“நாளைக்கு நீயே போன் பண்ணுவ சார். அப்ப வண்டி வராது” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது நடந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. தம்பி கம்பியிலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆனது.

இன்றும் ‘சம்மதம்’ என்ற சொல் மெய்ப்பில் வந்தால், எழுத்து சரியா என்று பார்ப்பதற்கு முன் அது யாருடைய சம்மதம் என்று தேடுகிறேன். ஒரு மனிதனை மாதக்கணக்கில் முகர்ந்து பார்த்து எழுதிவைத்தவனுக்கு, அவனிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது அன்றுவரை தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் ஐந்து பத்துக்கு எழுந்ததும், முதல் வேலையாக, பாட்டிலைத் தொடாமல் அவனை எழுப்பினேன். “டாக்டரப் பாக்கப் போலாமாடா? நீ சொல்லு” என்றேன். “காபி குடிச்சிட்டு சொல்றேன்” என்றான். டிக்காஷன் இறங்கும்வரை டைரியைத் திறக்காமல் காத்திருந்தேன்.