கட்டிலுக்கடியில் போன தோல்

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு ஹாலில், ஜன்னலோரம் மேசை போட்டு, செருப்பு தைக்கத் தோல், உளி, ஊசி, மெழுகு நூலெல்லாம் அடுக்கினேன். பசை டப்பாவைத் திறந்ததும் அப்பாவின் கடலூர் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே அப்பா செருப்பு தைத்தது சமையற்கட்டுக்குப் பின்னால். என் பள்ளித் தோழிகளின் குரல் தெருவில் கேட்டால் போதும், தோலையும் உளியையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அவரே சாம்பிராணி போடுவார்.

"நாத்தம் போயிடுச்சா பாரு பாப்பா" என்பார். எனக்கு அது நாற்றமாகப் பட்டதே இல்லை. அவர் சட்டையின் வாசம் அது.

இன்று வாசலில் என் மகளின் தோழிகள் பேசும் குரல். என் கை தானாகத் தோலைச் சுருட்டியது.

"ஏம்மா எடுக்குற? அதைப் பாக்கத்தான் அவுங்க வந்துருக்காங்க" என்றாள் மகள்.

மேசைமேல் விரித்தேன். கையை எடுத்ததும் அது மறுபடி சுருண்டுகொண்டது.