டிராப் ஆன பெண்கள்

ஃபோனில் டேவிட்சன் அண்ணாச்சி அழாத குறை. "தம்பி, எனக்க மவளுக்க குடும்பம் கலங்கிரும் போலிருக்கு. உடனே வா." டேட்டாபேஸ் சர்வீஸ் பார்க்கிற எனக்கும் அவர் மகளின் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமலே பைக்கை எடுத்தேன்.

அண்ணாச்சி இரணியலில் கல்யாணத் தகவல் மையம் நடத்துகிறார். கம்ப்யூட்டரில் உட்காருவது மேரி அக்கா. எங்கள் பக்கத்தில் வரன் வந்தால் ஆலோசனை வந்திருக்கிறது என்போம், சரிப்படாவிட்டால் டிராப். அன்று காலை ஏதோ ஒரு ஆலோசனையைப் பற்றி, "அந்தப் பொண்ண டிராப் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வெளியே போயிருக்கிறார். அக்கா டேட்டாபேஸையே திறந்துவிட்டார். டேபிள் எனப்படும் பட்டியல்களின் வரிசையில் 'பொண்ணு' என்ற பெயருக்கு எதிரே டிராப் என்று ஒரு பட்டன். அமுக்கினார். நிச்சயமா என்று அது கேட்டது, ஓகே கொடுத்தார். பதிவு செய்திருந்த பெண்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். மாப்பிள்ளைகள் மட்டும் பத்திரமாக இருந்தார்கள்.

அக்கா அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். டிராயரில் கிடந்த பென்டிரைவைச் செருகி, அதிலிருந்த பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணினார். அது போன வருஷத்தது. இடையில் கல்யாணமாகிப் போனவர்களெல்லாம் கன்னிகளாகத் திரும்பி வந்தார்கள். சாஃப்ட்வேர் தன் கடமையைச் செய்தது. பொருத்தமான மாப்பிள்ளை வீடுகளுக்கெல்லாம் வாட்ஸ்அப் அனுப்பியது.

திரும்பி வந்தவர்களில் அண்ணாச்சியின் மகள் ஷீபாவும் உண்டு. இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுடைய மாமியார் தன் இரண்டாவது மகனுக்கு இங்கேதான் பெண் தேடிக்கொண்டிருந்தார்.

நான் நுழைந்தபோது ஸ்பீக்கரில் அந்தச் சம்மந்தியம்மா. சத்தமே போடவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"மூத்தவனுக்குக் கெட்டித் தந்த பிள்ளைய எளையவனுக்கும் ஆலோசனை சொல்லியிருக்கீய. ஒரே சபை, நல்ல குடும்பம்னு வேற போட்டிருக்கு. பிள்ளைக்கு எங்க வீட்டுல என்ன கொறை? அத மட்டும் சொல்லுங்க."

கம்ப்யூட்டரில் வந்த தப்பு, சரிபண்ணிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அண்ணாச்சி ஃபோனை வைத்தார். நான் முதலில் மெசேஜ் போவதை நிறுத்தினேன். டேபிளில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் சர்வரின் பைனரி லாகில் வரிசையாகப் பதிவாகும். நல்ல வேளையாக அதை யாரும் அழித்திருக்கவில்லை. பழைய பேக்கப்பின் மேல் அந்த மாற்றங்களை, டிராப்புக்கு முந்தின வரி வரைக்கும் ஓட்டினேன். ஒவ்வொருத்திக்கும் மறுபடியும் கல்யாணம் ஆனது. ஷீபாவுக்கும் ஆனது.

"செரியாச்சு," என்றார் அண்ணாச்சி ஃபோனில். "அவ உங்க வீட்டுப் பிள்ளதான்."

"ஆட்டும். அப்ப எளையவனுக்கு வேற நல்லதா பாருங்க."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் பண்ணி, உள்ளே இருப்பது இன்றைய நிலவரமா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இப்போது அங்கே தினமும் பேக்கப் உண்டு. திங்கள்தோறும் மேரி அக்கா அதை இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரே ஒரு பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று சொல்ல என்னை அழைக்கிறார்.

"பேக்கப் கொள்ளாம் தம்பி. ஷீபா கெட்டிக் குடுத்த பிள்ளதான்."